கோவா 70.3: நீச்சலில் விட்டதை சைக்கிளில் பிடிக்கலாமா?

கிண்டி_பெடல் · ஜூன் 14, இரவு 10:40

கோவா அயர்ன்மேன் 70.3 டிரையத்லானுக்கு (1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) பதிவு பண்ணியாச்சு. 90 கி.மீ. சைக்கிளை மூணேகால் மணியில முடிக்கிற கால் இருக்கு. நீச்சல் சுமார்தான்: 25 மீட்டர் குளத்துல 1,900 மீட்டருக்கு 66 நிமிஷம். கட்-ஆஃப், அதாவது நீச்சலுக்கான நேர எல்லை, 70 நிமிஷம். மொத்த நேரத்துல நீச்சல் ஆறுல ஒரு பங்குகூட வராது. அதனால இனி குளத்துக்குப் போற நேரத்தையும் சைக்கிளுக்கே கொடுத்து, விட்டதை அங்க பிடிச்சுக்கலாம்னு என் கணக்கு. தப்புன்னா சொல்லுங்க.

உப்புத்தண்ணி · ஜூன் 15, காலை 6:05

பிடிக்க விட்டால்தானே பிடிப்பீர்கள். 70 நிமிடத்தில் கரையேறாவிட்டால் காலில் கட்டிய, நேரம் பதியும் சிப்பை வாங்கிக்கொண்டு போட்டியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபடியே வேடிக்கை பார்க்கும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கட்-ஆஃப் வேகம் 100 மீட்டருக்கு 3:41. உங்கள் குள வேகம் 3:28. 13 விநாடி மிச்சம் இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் 25 மீட்டர் குளத்தில் 1,900 மீட்டர் என்பது 76 நீளம். 75 தடவை சுவரை உதைத்துத் திரும்புகிறீர்கள். ஒவ்வோர் உதைக்கும் சில மீட்டர் சும்மா கிடைக்கிறது, அரை நொடி ஓய்வும் கிடைக்கிறது. கடலில் சுவர் இல்லை. அதோடு நேர்கோட்டில் யாரும் நீந்துவதில்லை. புதிதாகக் கடலில் இறங்குபவர் பத்து சதவீதம் கூடுதலாகச் சுற்றுவது சாதாரணம். 2,090 மீட்டரை 3:28-ல் நீந்தினால் 72 நிமிடம் 27 விநாடி. சுவரின் உதவியைக் கழிக்காமலே போட்டி முடிந்துவிட்டது.

குளத்தில் 3:00-க்கு வாருங்கள். பத்து சதவீதம் கோணிப் போனாலும் 63 நிமிடத்தில் கரையில் இருப்பீர்கள்.

செயின்லூப் · ஜூன் 15, காலை 9:20

அண்ணன் சொல்றது சரி. கட்-ஆஃப் மூணையும் ஒண்ணா வச்சுப் பாருங்க: நீச்சல் 1:10, சைக்கிள் முடிவு 5:30, ஓட்டம் முடிவு 8:30. மூணுமே ஆரம்பத்துலேருந்து எண்ணுறது. நீச்சல்ல 1:10 முழுசும் தின்னுட்டு, டி1-ல (நீச்சல்லேருந்து சைக்கிளுக்கு மாறுற இடம்) எட்டு நிமிஷம் போச்சுன்னா சைக்கிளுக்கு 4:12 கிடைக்கும். சராசரி மணிக்கு 21.4 கி.மீ. தாராளம்தான். ஓட்டத்துக்கு டி2 (சைக்கிள்லேருந்து ஓட்டத்துக்கு மாறுற இடம்) போக 2:55 மிச்சம்னு வைங்க, கி.மீ.க்கு 8:18. இதுவும் தாராளம்தான், நவம்பர் வெயில்ல நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

2024-ல பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 8:27:32-ல முடிச்சார். இரண்டரை நிமிஷம் மிச்சம். தேர்தல்லகூட மனுஷன் அவ்வளவு நெருக்கத்துல ஜெயிச்சதில்ல.

உப்புத்தண்ணி · ஜூன் 15, இரவு 9:50

மேலே உள்ள கட்-ஆஃப்களுக்கு நடுவில் சைக்கிள் சுற்று, ஓட்டச் சுற்று ஒவ்வொன்றுக்கும் தனி நேர எல்லை வைப்பதுண்டு. போட்டிக்கு முன் வரும் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது அச்சடித்துக்கொள்ளுங்கள். போன வருட வலைப்பதிவை நம்பிப் போகாதீர்கள். 2019-ல் முதல் போட்டி, கொரோனாவால் இடைவெளி, 2022-ல் மறுபடி. தேதியும் அக்டோபர், நவம்பர் என்று மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

கிண்டி_பெடல் · ஜூன் 17

சரி, கணக்குல தோத்துட்டேன். கடல்ல எப்போ, எங்க பழகுறது? செப்டம்பர்ல ஒரு வாரம் கோவா போய் அதே கடற்கரையில நீந்தலாமா?

உப்புத்தண்ணி · ஜூன் 17

போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைத்தான் அடிக்கிறது. கோவா கடற்கரைகளில் உயிர்காக்கும் பணியைப் பார்க்கும் திருஷ்டி மரைன் அந்த மாதங்களில் யாரையும் இறங்கவிடாது, சிவப்புக் கொடிதான்.

அதே மாதங்களில் நம் கிழக்குக் கரை விடிகாலையில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கடற்காற்று ஏறுவதற்குள், எட்டு மணிக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிட்டால் நம் கடலும் போச்சு. ஆகவே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதம்தான் உங்கள் கடல் காலம். மெரினாவில் குளிக்கவே தடை; நீலாங்கரை, கோவளம் பக்கம் குழுவாக நீந்துபவர்களோடு போங்கள். இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு மிதவை கட்டாயம். அது உங்களைத் தூக்கி நிறுத்துவதற்கு மட்டும் இல்லை. கரைக்குத் திரும்பும் ஃபைபர் படகுக்காரர் கண்ணில் உங்கள் தலை படாது, மிதவைதான் படும்.

கோவை_ஓட்டம் · ஜூன் 18

எங்களுக்குக் கடலே இல்லையே சார், என்ன செய்வது?

உப்புத்தண்ணி · ஜூன் 18

கோலாப்பூரில் பெர்க்மேன் 113 நடக்கிறது. ராஜாராம் ஏரி நீச்சல், இதே 1.9 – 90 – 21.1 தூரம். கடல் அலை இருக்காது, ஆனால் சுவரில்லாத தண்ணீர், நூறு பேர் கால் முகத்தில் படுவது, மிதவை தேடுவது எல்லாம் பழகும். ஒரு வித்தியாசம்: நன்னீரில் உடம்பு கொஞ்சம் தாழ்ந்து கிடக்கும், கடலில் உப்பு தூக்கிவிடும். ஏரியில் இருந்து கடலுக்குப் போவது அந்த வகையில் லாபம்.

செயின்லூப் · ஜூன் 21

வெட்சூட் (உடம்பை ஒட்டுற ரப்பர் நீச்சல் உடை) வாங்கலாமான்னு குரூப்ல ஒருத்தர் கேட்டிருந்தார். வேணாம். அயர்ன்மேன் விதிப்படி தண்ணி 24.5 டிகிரி வரைக்கும்தான் தாராளமா அனுமதி. 24.5-லேருந்து 28.8 வரைக்கும் போட்டுக்கலாம், ஆனா வயதுப் பிரிவுப் பரிசும் உலகப் போட்டி இடமும் கிடையாது. 28.8 தாண்டினா யாருக்குமே கிடையாது. அக்டோபர், நவம்பர்ல கோவா கடல் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிக்கும். அந்தச் சூட்டுல ரப்பர் போட்டு நீந்தினா உடம்பு வெந்துரும். அந்தக் காசுக்கு நல்ல நீச்சல் கோச்சுக்கு நாலு மாச ஃபீஸ் கட்டலாம்.

உப்புத்தண்ணி · ஜூலை 5

சூரியனைப் பற்றி ஒன்று, இதைச் சென்னைக்காரர்கள் கவனிப்பதில்லை.

நாம் கோவளத்தில் காலையில் இறங்கினால் வெளியே போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே, திரும்பும்போது முதுகுக்கு. கோவாவில் போட்டி நடக்கும் மிராமர் கடற்கரையில் தலைகீழ். கடல் மேற்கே, பணஜி ஊர் கிழக்கே. வெளியே போகும்போது மிதவைகள் பளிச்சென்று தெரியும். கரைக்குத் திரும்பும் கடைசி நீளத்தில்தான் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும். அப்போது தோளும் சோர்ந்திருக்கும், கோணிப் போவதும் அங்கேதான். ஆகவே கண்ணாடி பூச்சு உள்ள, கண்ணாடிபோல மின்னும் கருப்பு காகிள்ஸ். முதல் நாள் மாலை கடற்கரையில் நின்று வெளியேறும் வளைவுக்குப் பின்னால் உயரமாக என்ன இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்: கட்டடமோ மரமோ விளக்குக் கம்பமோ. வெயிலுக்கு எதிரே மிதவை தெரியாது, கட்டடத்தின் நிழல் வடிவம் தெரியும்.

எட்டு கை வீச்சுக்கு ஒரு முறை முன்னால் பார்க்க வேண்டும். தலை முழுவதையும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து பிரேக் போட்டதுபோல் ஆகும். கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரட்டும், பார்த்ததும் தலையைப் பக்கவாட்டில் திருப்பி அங்கே மூச்சு. முன்னால் பார்ப்பதும் மூச்சு விடுவதும் தனித்தனி வேலை. குளத்தில் ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு முறை இதைச் செய்து பழகினால் கடலில் யோசிக்கவே வேண்டாம்.

மிராமர் இருப்பது மாண்டோவி ஆறு கடலில் சேரும் வாய்ப் பக்கம். ஏற்றமா வற்றமா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் உங்களை ஒரு பக்கமாக இழுக்கும். அந்தத் தேதியின் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, முதல் மிதவைக்குப் போகும்போது எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கமாக ஒரு பத்து மீட்டர் விட்டுக் குறிவையுங்கள்.

கிண்டி_பெடல் · ஜூலை 6

நடுக்கடல்ல பதற்றம் வந்தா? நேத்து கோவளத்துல இருநூறு மீட்டர்லயே மூச்சு அடைச்ச மாதிரி ஆகுது.

மருந்துக்கடை · ஜூலை 6

முதலில் மருத்துவரைப் பார்த்து ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும் முடியுங்கள் தம்பி. சும்மா சொல்லவில்லை. அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த இறப்புகளையும், இதயம் திடீரென நின்றுபோய்ப் பிழைத்தவர்களையும் எண்ணிய ஆய்வில் மொத்தம் 135. அதில் 90 நீச்சலில். லட்சம் பேருக்கு இரண்டுகூட வராத விகிதம்தான், ஆனால் நடந்தது பெரும்பாலும் தண்ணீரில், பெரும்பாலும் ஆண்களுக்கு.

இதயம் சரியென்றால் மிச்சம் பழக்கம். இறங்கும் முன் ஐந்து நிமிடமாவது உடம்பைச் சூடேற்றுங்கள். முதல் இருநூறு மீட்டர் வேண்டுமென்றே மெதுவாக, தண்ணீருக்குள் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். மூச்சடைப்பு பாதி நேரம் உள்ளே காற்று தங்கிப்போவதால்தான். அப்படியும் வந்தால் மல்லாந்து மிதந்து முப்பது எண்ணுங்கள். பாதுகாப்புக்கு நிற்கும் கயாக் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பது விதிப்படி சரி, அது உங்களை முன்னால் இழுத்துச் செல்லக் கூடாது, அவ்வளவுதான். நெஞ்சு வலி, இருமலோடு நுரை, இரண்டில் எது வந்தாலும் கையைத் தூக்கிவிடுங்கள். அன்றைக்குப் போட்டி முடிந்தது.

செயின்லூப் · ஜூலை 6

சொறி (ஜெல்லிமீன்) கடிச்சா?

மருந்துக்கடை · ஜூலை 6

கடல் தண்ணீரால் கழுவுங்கள், ஒட்டிய இழையை எடுத்துவிடுங்கள். மணலால் தேய்க்காதீர்கள், குடிதண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டுமே மிச்சமிருக்கும் கொட்டும் செல்களைக் கிளப்பிவிடும். கரையில் தாங்கக்கூடிய வெந்நீரில் வைத்தால் வலி அடங்கும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நேரே மருத்துவக் கூடாரம்.

கோவை_ஓட்டம் · ஆகஸ்ட் 2

சாப்பாட்டு விஷயம் யாரும் பேசலையே. நான் எல்லா பாட்டிலிலும் ஓஆர்எஸ் கலந்துகொண்டு போவேன், அதுவே போதும். உப்பும் இருக்கு, சர்க்கரையும் இருக்கு.

மருந்துக்கடை · ஆகஸ்ட் 2

போதாது. உலக சுகாதார நிறுவன அளவு ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. சோடியம் சுமார் 1,700 மி.கி., நல்ல அளவுதான். ஆனால் குளுக்கோஸ் 54 கலோரி. மணிக்கு ஒரு லிட்டர் குடித்தாலும் 13.5 கிராம் மாவுச்சத்து. சைக்கிளில் உங்களுக்கு மணிக்கு 60 முதல் 90 கிராம் வேண்டும். ஓட்டத்தின் பத்தாவது கி.மீ.யில் சக்தி தீர்ந்து, சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுவீர்கள்.

இன்னொன்று: பாட்டில் மேல் பெயர் மட்டும் ஓஆர்எஸ் என்று போட்ட சர்க்கரைப் பானங்கள் வேறு. 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அந்தப் பெயரையே தடுத்தது. மருந்துக் கடையில் பொட்டலத்தைத் திருப்பி அளவைப் படித்து வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்ய: 750 மி.லி. பாட்டிலில் சர்க்கரை 60 கிராம், உப்பு 1.5 கிராம் (சோடியம் கிட்டத்தட்ட 590 மி.கி.), அரை எலுமிச்சை. சாதாரண சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ்; இரண்டும் குடலில் வெவ்வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் தனி குளுக்கோஸைவிட வயிறு கூடுதலாகத் தாங்கும். மணிக்கு ஒன்று, மேலே வெறும் தண்ணீர், ஒரு வாழைப்பழம். உப்பைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், சிட்டிகைக் கணக்கு வேண்டாம்.

செயின்லூப் · ஆகஸ்ட் 2

கடலை மிட்டாய்?

மருந்துக்கடை · ஆகஸ்ட் 2

முடிந்தபின் எத்தனை வேண்டுமானாலும். போட்டி நடுவில் கடலையின் கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்தும், மென்று முடிக்கும்போது மூச்சும் வாங்கும்.

மருந்துக்கடை · ஆகஸ்ட் 3

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடை மாற்றி, துடைத்து, எடை பாருங்கள். இரண்டு சதவீதம் குறைவது சரி. எடை ஏறியிருந்தால் அதிகம் குடிக்கிறீர்கள். ரத்த சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். போட்டி அன்று வலி மாத்திரை, குறிப்பாக ஐபுபுரோஃபென், வேண்டாம். சிறுநீரகம் ஏற்கனவே தவித்துக்கொண்டிருக்கும்.

செயின்லூப் · ஆகஸ்ட் 24

சைக்கிள் பகுதிக்கு என் பங்கு. டிரை பைக் (டிரையத்லானுக்குன்னே செஞ்ச சைக்கிள்) இல்லைன்னு கவலைப்படாதீங்க. ரோடு பைக்ல க்ளிப்-ஆன் ஏரோ பார் (முழங்கையை ஊணிக் குனிஞ்சு ஓட்ட, ஹேண்டில்பார்ல மாட்டுற கம்பி) போதும். வாங்கும்போது உங்க ஹேண்டில்பார் நடுப்பகுதி 31.8 மி.மீ. உருண்டையான்னு பாருங்க. தட்டையான கார்பன் பார்ல க்ளாம்ப் உக்காராது, இறுக்கினா விரிசல் விடும்.

சீட்டுக்குப் பின்னாடி பாட்டில் ஸ்டாண்ட் வைக்கிறவங்க கவனிங்க. நம்ம ரோட்டுல வேகத்தடைக்கு முன்னாடி வரிசையா வெள்ளைப் பட்டை போட்டிருப்பான் இல்ல, அதுல 35 கி.மீ. வேகத்துல ஏறினா பாட்டில் ராக்கெட் மாதிரி பின்னால பறக்கும். உங்க சாப்பாடு போச்சு, பின்னால வர்றவனுக்கு விழுப்புண். பழைய ட்யூபை ஒரு செ.மீ. அகலத்துக்கு வளையமா வெட்டி, ஸ்டாண்டையும் பாட்டில் கழுத்தையும் சேத்து மாட்டிடுங்க. செலவு சுழியம். முக்கியமான பாட்டில் எப்பவும் ஃப்ரேம்ல இருக்கட்டும்.

பஞ்சர்: புது ட்யூப் போடுறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரலால மெதுவா ஒரு சுத்து தடவுங்க. கருவேல முள் நுனி உள்ள உடைஞ்சு நிக்கும், வெளியிலேருந்து தெரியாது. அதை எடுக்காம ட்யூப் மாத்தினா அரை கி.மீ.யில மறுபடி பஞ்சர். 28 மி.மீ. டயருக்கு 70 கிலோ ஆளுக்கு 70 பிஎஸ்ஐ பக்கம் போதும். 110 அடிச்சா வேகம் வராது, நடுக்கம்தான் வரும்.

உப்புத்தண்ணி · ஆகஸ்ட் 25

இடைவெளி விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் ஆட்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் இதில்தான். முன்னால் போகிறவரின் முன்சக்கரத்திலிருந்து உங்கள் முன்சக்கரம் வரை 12 மீட்டர். அந்த எல்லைக்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் கடந்துவிட வேண்டும். கடக்கப்பட்டவர்தான் பின்வாங்க வேண்டும், உடனே. நடுவர் நீலச் சீட்டு காட்டினால் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டி வலப்பக்கம் கடக்க வேண்டும். கடந்த பிறகும் வலப்பக்கமே ஓட்டினால் அதுவும் குற்றம். வார இறுதியில் ஈசிஆரில் பத்துப் பேர் ரயில்பெட்டி போல ஒட்டி ஓட்டும் பழக்கத்தை அங்கே கொண்டுபோக முடியாது. நீங்கள் சொன்ன மூன்றேகால் மணி தனியாக ஓட்டியதா, ரயிலில் ஓட்டியதா?

கிண்டி_பெடல் · ஆகஸ்ட் 25

ரயில்ல. :(

உப்புத்தண்ணி · ஆகஸ்ட் 25

அப்படியானால் மூன்றரைக்குமேல் என்று வைத்துக்கொண்டு நீச்சலுக்குப் போங்கள்.

செயின்லூப் · செப்டம்பர் 19

டி1, டி2. நீலப் பை சைக்கிள் சாமான், சிவப்புப் பை ஓட்டச் சாமான், வெள்ளைப் பை வீட்டுக்குப் போற துணி. ஹெல்மெட் கொக்கியை மாட்டாம சைக்கிளைத் தொடாதீங்க. டி2-ல சைக்கிளை ஸ்டாண்டுல வச்ச பிறகுதான் கழட்டணும். ஏறும் கோடு தாண்டித்தான் ஏறணும், இறங்கும் கோட்டுக்கு முன்னாடியே இறங்கணும். இயர்போன் எங்கயும் கிடையாது. ஜெல் கவரைத் தண்ணிப் பந்தல் எல்லைக்குள்ள மட்டும் போடுங்க.

கிண்டி_பெடல் · அக்டோபர் 11

குளம் இப்போ 2:58. கடல்ல 1,900-க்கு 61 நிமிஷம். சைக்கிளை ஃப்ளைட்ல எப்படிக் கட்டுறது?

செயின்லூப் · அக்டோபர் 11

அப்படிப் போடு! இப்போ பேக்கிங்.

பெடல்: இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகார முள் திசையில சுத்தினாத்தான் கழலும். பலம் பிடிச்சு எதிர்த் திசையில சுத்தி மரையைத் தின்னுடாதீங்க. சீட் உயரத்துல இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வைங்க. பின் டீரெய்லரை (கியர் மாத்துற பாகம்) கழட்டி, துணி சுத்தி, ஃப்ரேமுக்குள்ள கட்டுங்க. அது மாட்டுற ஹேங்கர் ஒண்ணு கூடுதலா வாங்கி வைங்க. உங்க மாடலுக்கு மட்டுமே பொருந்தும் சாமான் அது, பணஜியில ராத்திரி தேடினா கிடைக்காது.

டிஸ்க் பிரேக்னா சக்கரத்தைக் கழட்டினதும் பேட் நடுவுல பிளாஸ்டிக் துண்டைச் சொருகணும். இல்லாட்டி வழியில லீவர் அமுங்கி ரெண்டு பேடும் ஒட்டிக்கும், ரோட்டர் உள்ள போகாது. அந்தத் துண்டு தொலைஞ்சுதா, கெட்டி அட்டையை ரெண்டா மடிச்சு வைங்க. எலக்ட்ரானிக் கியர்னா மாத்து பேட்டரி கைப்பையில. சிஓ2 குப்பிக்கு ஏர்லைன் முன் அனுமதி கேக்கும். விட்டுட்டுப் போய் எக்ஸ்போவுல (போட்டியையொட்டி நடக்குற கண்காட்சி) வாங்குங்க, இல்லேன்னா கைப் பம்ப்.

திரும்ப மாட்டும்போது ஸ்டெம் போல்ட்டுக்கு மேல எழுதியிருக்கிற நியூட்டன் மீட்டர்தான், பொதுவா 5. சின்ன டார்க் ரெஞ்ச் வச்சுக்கோங்க. மாட்டினதும் அன்னிக்கே பத்து கி.மீ. ஓட்டி எல்லா கியரும் போட்டுப் பாத்துடுங்க, மறுநாள் ரேக்கிங் நேரத்துல (சைக்கிளை டி1 ஸ்டாண்டுல ஒப்படைக்கிற நேரம்) இல்ல.

உப்புத்தண்ணி · அக்டோபர் 12

டாபோலிம், மோப்பா என்று இரண்டு விமான நிலையம். டிக்கெட் எடுக்கும்போது எதில் இறங்குகிறீர்கள் என்று பார்த்து, பெரிய பெட்டி ஏறும் வண்டியை முன்பே பேசிவையுங்கள். சாதாரண டாக்சியில் சைக்கிள் பெட்டி போகாது.

கோவை_ஓட்டம் · அக்டோபர் 12

ஓட்டத்துக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓடினால் ஷூ நனைந்து கொப்பளம் வருகிறதே?

மருந்துக்கடை · அக்டோபர் 12

குனிந்து ஊற்றுங்கள், கழுத்துக்குப் பின்னால். தண்ணீர் மூக்கு வழியாக ரோட்டில் விழும், காலுக்குப் போகாது. ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள் நாலு துண்டு. டி2-ல் உலர்ந்த சாக்ஸ் போட முப்பது விநாடி ஆகும், போடுங்கள். போடும் முன் விரலிடுக்கில் இருக்கும் மணலைத் துடைத்துவிட்டு வாஸ்லின்.

கிண்டி_பெடல் · அக்டோபர் 12

சிவப்புப் பையில துண்டு ஒண்ணும் சேர்த்துட்டேன்.